எந்தச் சாமிக்கு இந்த உண்டியல்?

2018 நவம்பர். கஜா புயல் காவிரிப் படுகையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன வாரம். வேதாரணியம் பக்கம் வீடுகளுக்குக் கூரை இல்லை. பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் பெற்ற பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாம் அப்போது கல்லூரி மாணவர்கள். கையில் ஒரு தகர டப்பா. அதன் மூடியில் ஒரு துளை. மேலே, ‘புயல் துயர் துடைப்பு நிதி — பகுத்தறிவு மாணவர்கள்’ என்று நாமே எழுதி ஒட்டிய தாள். கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

ஒரு மளிகைக் கடை. நெற்றி நிறைய நீறு பூசிய பெரியவர் கல்லாவில் இருந்தார். டப்பாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“எந்தச் சாமிக்குத் தம்பி இந்த உண்டியல்?”

“சாமிக்கு இல்லீங்க ஐயா, புயல்லே வீடிழந்தவங்களுக்கு.”

“சரி, எந்தக் கோயில் சார்பா வர்றீங்க? இல்லே, மாதா கோயிலா?”

“எதுவும் இல்லீங்க. நாங்க சாமி கும்பிடாதவங்க.”

பெரியவர் சிரித்தார். “சாமியே இல்லேங்கிற உங்களுக்குத் தர்மம் எதுக்குத் தம்பி? பாவ புண்ணியத்துக்குப் பயந்தவன்தானே பத்து ரூபாய் போடுவான்?” என்றார். என்றவர், கல்லாவைத் திறந்து ஓர் ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்தார். போடுவதற்கு முன் இன்னொன்றும் கேட்டார்: “கணக்குக் காட்டுவீங்களா?”

இரண்டு கேள்விகள்! முதற் கேள்வி நம்மைச் சுட்டது. வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். இரண்டாம் கேள்வியை அன்று நாம் பொருட்படுத்தவில்லை. இன்று வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் நிற்கும்போது, முதற் கேள்வி மடமையின் குரல் என்பதும், இரண்டாம் கேள்வி பகுத்தறிவின் குரல் என்பதும், இரண்டையும் ஒரே வாய் கேட்டது என்பதும் விளங்குகிறது. இரண்டுக்கும் விடை கூறுவது நம் கடமை.

முதற் கேள்வியை எடுப்போம். பாவத்துக்குப் பயந்தவன்தான் கொடுப்பான் என்கிறார்கள். நரகத்துக்கு அஞ்சிக் கொடுத்தால் அது அபராதம். சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தால் அது முதலீடு. இங்கே ஒன்று போட்டால் அங்கே நூறாக வரும் என்று எண்ணிப் போடுபவனை ஈகையாளன் என்று அழைப்பதானால், வட்டிக்கடைக்காரனை வள்ளல் என்று அழைக்க வேண்டியதுதான்! திருப்பதி உண்டியலில் ஆண்டொன்றுக்கு விழும் காணிக்கை, அண்மை ஆண்டுகளில் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. போடுகிறவர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்களிலே கடன்பட்டோர் உண்டு, நோயுற்றோர் உண்டு, பிள்ளைக்கு வேலை கிடைக்காதா என்று ஏங்கும் தாய்மார் உண்டு. அவர்கள் போடுவது ஈகையால் அல்ல, ஏக்கத்தால். அந்த ஏக்கத்தை ஈகை என்று பெயர் சூட்டிக் கூப்பிடுவது வைதீகத்தின் பழைய வித்தை.

பசித்தவன் முகத்தைப் பார்த்து, ‘இவனும் நம்மைப் போல் ஒருவன்’ என்ற ஒரே காரணத்துக்காகக் கை நீளுமானால், அதுவே ஈகை. அதற்குச் சாட்சி தேவையில்லை. சித்திரகுப்தன் ஏடும் தேவையில்லை.

இது வாதம். வாதம் மட்டும் போதாது என்பார்கள் எதிரிகள். “நாத்திகன் கொடுத்ததை எங்கே கண்டீர்கள்?” என்று கேட்பார்கள். காட்டுவோம். அதற்கு நம் கடைவீதியை விட்டுச் சற்றே வெளியே வரவேண்டும். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. செல்வத்திலும் அறிவியலிலும் சிறந்ததாகச் சொல்லப்படும் நாட்டிலும் அதே கேள்வியை, அதே சிரிப்போடு கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவைப் பார்ப்போம். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகத்தை 1957 முதல் தன் டாலர் தாளிலேயே அச்சிட்டு வரும் நாடு அது. அந்த நாட்டில் 2006-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்தப் பிரிவினரை மக்கள் குறைவாக நம்புகிறார்கள் என்பது கேள்வி. புதிதாகக் குடியேறியோர், முஸ்லிம்கள், இன்னும் பல பிரிவினர் பட்டியலில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கீழே, அடியில் கிடந்தவர்கள் நாத்திகர்கள்! கொலை செய்தவர்களா? கொள்ளையடித்தவர்களா? கும்பிடாதவர்கள், அவ்வளவுதான்.

அந்த நாட்டிலேதான், 2000-ஆம் ஆண்டில், ‘செக்யூலர் ஸ்டூடன்ட் அலையன்ஸ்’ என்ற பெயரில் மதம் சாரா மாணவர்களின் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. தொடக்கத்தில் சில பத்து மன்றங்கள். 2012-ஆம் ஆண்டளவில் கல்லூரிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலுமாக 300-க்கு மேற்பட்ட மன்றங்கள். உயர்நிலைப் பள்ளிக்குள் அந்த மன்றங்கள் நுழைந்த கதை சுவையானது. 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: அரசுப் பணம் பெறும் உயர்நிலைப் பள்ளியில் பாடத்திட்டத்துக்குப் புறம்பான ஒரு மாணவர் மன்றத்துக்கு இடம் கொடுத்தால், சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ காரணம் காட்டி இன்னொரு மன்றத்துக்கு இடம் மறுக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்காக முன்னின்று பாடுபட்டவர்கள் யார்? பள்ளிக்குள் பைபிள் மன்றம் வேண்டும் என்று விரும்பிய மதவாதிகள்! தங்கள் வயலுக்கென்று அவர்கள் வெட்டிய வாய்க்காலில் வந்த தண்ணீர், இன்று பகுத்தறிவு மாணவரின் பாத்திக்கும் பாய்கிறது.

மன்றம் கூடிய மாணவர்கள் விவாதம் நடத்தினார்கள்; மேசை போட்டு உட்கார்ந்து, ‘நாத்திகனிடம் எதையும் கேளுங்கள்’ என்று எழுதி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை, நிதியும் திரட்டினார்கள். அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்றைக் கேளுங்கள். வளாகத்தில் ஒரு மேசை. அதன் மேல் வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு மதத்தின் பெயர். எந்தக் கிண்ணத்தில் அதிகப் பணம் விழுகிறதோ, அந்த மதத்தின் வழிபாட்டுக்கு நாத்திக மாணவர்கள் போய், அமைதியாக உட்கார்ந்து, கேட்டுவிட்டு வருவார்கள். திரண்ட பணமோ நற்பணிக்கு! கிறித்துவ மாணவன் சிரித்துக்கொண்டே போடுகிறான், இவனை எப்படியாவது நம் சபைக்கு அனுப்ப வேண்டுமென்று. முஸ்லிம் மாணவன் போடுகிறான், இவன் எங்கள் தொழுகையைப் பார்க்கட்டுமென்று. போட்டியால் பெருகிய பணம் பசித்தவனுக்குப் போகிறது. பகையைப் பரிகாசமாக்கி, பரிகாசத்தைப் பரிவாக்கும் இந்த வித்தையை நம் தோழர்கள் கற்றுக்கொண்டால் குறைந்துபோக மாட்டார்கள்.

2010 சனவரி 12. ஹெய்ட்டி நாட்டில் நிலம் நடுங்கியது, தலைநகர் தரைமட்டமாயிற்று. ரிச்சர்ட் டாக்கின்சின் அறக்கட்டளை, நம்பிக்கையற்றோர் வழங்கும் உதவி என்ற பெயரிலேயே நிதி திரட்டி, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் அனுப்பியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் டேல் மெக்கவன் என்ற எழுத்தாளர் நிறுவிய ‘ஃபவுண்டேஷன் பியாண்ட் பிலீஃப்’ இயங்கத் தொடங்கியது. உறுப்பினர் மாதந்தோறும் பணம் தருவர். காலாண்டுக்கு ஒருமுறை சில நற்பணி நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கப்படும். தம் பணத்தில் எதற்கு எவ்வளவு என்பதை உறுப்பினரே முடிவு செய்வர். இன்னும் ஒரு செய்தி: மதத்தைப் பரப்பாமல் தொண்டு மட்டும் செய்யும் நிறுவனமானால், அது மதத்தினர் நடத்துவதாயிருந்தாலும் பணம் தந்தார்கள். நாத்திகர் பணம் நம்பிக்கையாளரின் தொண்டுக்கு! இந்த நெஞ்சகலம் எந்த மடத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

இனி, கொடுக்கப் போனவர்களுக்குக் கிடைத்த வரவேற்பைக் காண்போம்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் பெரிய நிதி திரட்டும் விழா ‘ரிலே ஃபார் லைஃப்’. 1985-இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் ஒரு மருத்துவர், ஓட்டப் பந்தயத் திடலை 24 மணி நேரம் தனியாகச் சுற்றி வந்து 27,000 டாலர் திரட்டியதில் பிறந்தது அது. இன்று ஊர்தோறும், கல்லூரி வளாகந்தோறும் அணி அணியாகச் சேர்ந்து இரவெல்லாம் நடக்கிறார்கள். 2011-இல் டாட் ஸ்டீஃபெல் என்ற பகுத்தறிவாளர் ஒரு வாக்குத் தந்தார்: ஃபவுண்டேஷன் பியாண்ட் பிலீஃப் நாடு தழுவிய அணியாகச் சேரட்டும், அது திரட்டும் தொகைக்கு ஈடாக 2,50,000 டாலர் வரை நான் தருகிறேன் என்றார். சங்கம் என்ன செய்தது? முதலில் முகமலர்ந்தது, பிறகு முகம் திருப்பியது. நாடு தழுவிய அணி என்ற தகுதி வணிக நிறுவனங்களுக்கு மட்டுமே. வேண்டுமானால் ஊர் அணிகளாக நடந்துகொள்ளுங்கள் என்றது. வணிகம் செய்யாத வேறு அமைப்புகளுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்ததே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று பகுத்தறிவாளர்கள் கேட்டார்கள். விதி என்றது சங்கம். விதி! நம் நாட்டிலும் எத்தனை கதவுகள் இந்தச் சொல்லால் சாத்தப்பட்டிருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் நாம். புற்றுநோய்க்கு மதம் தெரியாது. அது ஆத்திகனின் குடலையும் அரிக்கும், நாத்திகனின் குடலையும் அரிக்கும். அதை ஒழிக்கத் தரும் பணத்துக்கு மட்டும் தடையா என்று கேட்டார்கள். கேட்டதில் என்ன தவறு?

அவர்கள் கோபித்துக்கொண்டு பணப்பையை இறுக்கிக் கட்டவில்லை. 2012-இல் இரத்தப் புற்றுநோய்க்கான மற்றொரு சங்கத்தை நாடினார்கள். அந்தச் சங்கம் கதவைத் திறந்தது. அது நடத்துவது மாலை நேர விளக்கு நடை. நோயிலிருந்து மீண்டவர் கையில் வெள்ளை விளக்கு. இறந்தவரை நினைப்பவர் கையில் பொன்னிற விளக்கு. துணை நிற்போர் கையில் சிவப்பு விளக்கு. மாணவர் மன்றங்களும் ஊர் மன்றங்களும் அணி கட்டி நடந்தன. பல இலட்சம் டாலர் திரண்டது. விளக்குப் பூசை செய்கிறவர்களே, கேளுங்கள்! விளக்கு ஏற்றினால் இப்படி ஏற்ற வேண்டும்.

2013-இல் தென் கரோலினா மாநிலத்தின் ஸ்பார்ட்டன்பர்க் நகரில் நடந்தது இது. ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று அங்கே உண்டு. அவ்வூர் நாத்திகர் மன்றத்தினர் போனார்கள். பணம் தருகிறோம் என்று அல்ல. பாத்திரம் கழுவுகிறோம், பரிமாறுகிறோம் என்று போனார்கள். மன்றத்தின் பெயர் பொறித்த சட்டையைக்கூடப் போடமாட்டோம் என்றார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்! திரும்பிப் போனவர்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, வீடற்றோருக்கு வேண்டிய பொருள்களைப் பொட்டலம் கட்டி வழங்கினார்கள். ஒரு தெரு, இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் கடவுள் பெயர் இருந்தது. மறுபக்கத்தில் மனிதநேயம் இருந்தது. வாங்கிக்கொண்ட ஏழை எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, பொட்டலத்தைப் பார்த்தான்.

அதே ஆண்டு, சிக்காகோவை அடுத்த மார்ட்டன் குரோவ் என்னும் ஊர். அங்கே பூங்கா வாரிய உறுப்பினர் ஒருவர் கொடி வணக்க உறுதிமொழியின்போது எழுந்து நிற்க மறுத்தார். அதற்காக, முன்னாள் படைவீரர் சங்கம் வாரியத்துக்குத் தந்து வந்த 2,600 டாலரை நிறுத்தியது. ஹேமந்த் மேத்தா என்பவர் அந்த இழப்பை ஈடுசெய்ய முன்வந்தார். இவர் சைனக் குடும்பத்தில் பிறந்து நாத்திகரானவர். அப்போது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஆசிரியர் என்பதால் நமக்கு அவர்மேல் ஒரு தனிப் பற்று, ஒப்புக்கொள்கிறோம்! தம் வாசகரிடம் கேட்டார். 3,000 டாலர் சேர்ந்தது. பூங்கா வாரியம் வாங்க மறுத்தது. ஊர் நூலகத்துக்குத் தந்தார்; நூலகக் குழுவும் வாக்கெடுத்து மறுத்தது. கடைசியில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் நிலையம் ஒன்று வாங்கிக்கொண்டது. பூங்காவுக்கு மானம் இருந்தது. நூலகத்துக்கு மானம் இருந்தது. பசிக்குத்தான் அறிவு இருந்தது!

இத்தனை கதவுகளைச் சாத்திவிட்டு, “நாத்திகன் கொடுப்பதில்லை” என்று பேசுவது எப்படிப்பட்ட நேர்மை? கிணற்றடிக்கு வராதே என்று விரட்டிவிட்டு, ‘இவன் குளிப்பதில்லை, அழுக்கன்’ என்று ஏசிய சாதித் திமிர் நம் நாட்டுக்குப் புதிதன்று. சுவர் வேறு, சுண்ணாம்பு ஒன்றே.

ஆனால் தோழர்களே, எதிரியின் வாதத்தில் உள்ள உண்மையை மறைப்பது நமக்கு அழகன்று. உண்மைக்கு அஞ்சுகிறவன் எப்படிப் பகுத்தறிவாளன் ஆவான்? எனவே அதையும் சொல்வோம்.

2010-இல் ராபர்ட் புட்னம், டேவிட் கேம்பல் என்ற இரு அறிஞர்கள் ‘அமெரிக்கன் கிரேஸ்’ என்ற பெருநூலை வெளியிட்டார்கள். வாரந்தோறும் சபைக்குப் போகிறவர்கள், போகாதவர்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். சபைக்கு மட்டுமல்ல, மதம் சாராத பணிகளுக்கும் அதிகம் கொடுக்கிறார்கள், அதிகம் உழைக்கிறார்கள் என்றார்கள். வைதீகர் துள்ளிக் குதித்தார்கள். “கண்டீரா! கடவுள் பக்தியின் பெருமையை!” என்றார்கள்.

அவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும். காரணம் என்ன என்று அந்த அறிஞர்கள் தேடினார்கள். நரகத்தை நம்புவதா? இல்லை. வேதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் நம்புவதா? அதுவும் இல்லை. நாள்தோறும் தனியே அமர்ந்து தொழுவதா? அதுவும் இல்லை. சபையில் நண்பர்கள் இருப்பதே காரணம்! வாரந்தோறும் கூடுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், “நாளை கஞ்சி ஊற்றப் போகிறோம், நீயும் வா” என்று ஒரு நண்பன் கேட்கிறான், கேட்டவன் முகத்துக்காகப் போகிறான். மனைவிக்குத் துணையாகச் சபைக்குப் போய், அங்கே நாலு பேரோடு நட்பான நாத்திகன்கூட, வீட்டில் தனியே தொழும் பக்தனைவிட அதிகம் தொண்டு செய்யக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள்.

இதன் பொருள் என்ன? கொடுக்க வைப்பது கடவுள் அல்லர், கூட்டம். அறத்தின் ஊற்று ஆகாயத்தில் இல்லை. அடுத்த நாற்காலியில் இருக்கிறது. இது வைதீகத்துக்கு விழுந்த அடி. அதே வேளையில் நமக்கும் விழுந்த அடி! நாம் என்ன செய்கிறோம்? நூல் படிக்கிறோம், வாதம் புரிகிறோம், வென்றுவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். வாரந்தோறும் கூடி, “நாளை வருகிறாயா?” என்று ஒருவனை ஒருவன் கேட்கும் பழக்கத்தை எத்தனை பகுத்தறிவு மன்றங்களில் வளர்த்திருக்கிறோம்? கோயிலை மறுத்தோம், சரி. கோயிலைச் சுற்றிக் கூடிய கூட்டத்துக்கு ஈடாக நாம் எதைக் கட்டினோம்? அமெரிக்க மாணவர் மன்றங்கள் வைத்த கிண்ணங்களும் ஏந்திய விளக்குகளும் இந்தக் கேள்விக்கான விடையின் தொடக்கம். அதனால்தான் அவற்றைப் போற்றுகிறோம். அவை திரட்டிய டாலருக்காக மட்டும் அல்ல.

இன்னொரு குறையையும் மறைக்காமல் பேசுவோம். சிலர் நிதி திரட்டுவதே, “நாத்திகனும் நல்லவன்தான்” என்று ஊருக்குக் காட்டுவதற்காக. இது நோய். பசித்தவனை நம் நற்சான்றிதழுக்கு முத்திரை குத்தும் எழுத்தராக்குவது இழிவு. புண்ணியத்துக்காகக் கொடுப்பவனுக்கும் புகழுக்காகக் கொடுப்பவனுக்கும் என்ன வேறுபாடு? ஒருவன் கூலியை மேலுலகத்தில் கேட்கிறான். மற்றவன் நாளேட்டில் கேட்கிறான். வேறு சிலரோ, தொண்டை விட்டுவிட்டுத் துடுக்குத்தனத்தைக் கையில் எடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ பல்கலைக்கழகத்தில், 2005-இல், ஒரு நாத்திக மாணவர் மன்றம் மேசை போட்டது: வேதப் புத்தகத்தைக் கொடுங்கள், ஆபாச ஏட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று! செய்தியாளர் குவிந்தார்கள், படக்கருவிகள் பளிச்சிட்டன. ஒரு நோயாளிக்கு ஒரு மாத்திரை கிடைத்ததா? பெண்ணைப் பண்டமாக்கும் ஏட்டைப் பகுத்தறிவின் கையில் கொடுத்ததைத் தவிர அதனால் விளைந்தது என்ன? கிண்ணம் வைத்தவர்களைத் தேடிக் கூட்டம் வராமல் இருக்கலாம். நமக்கு வேண்டியவர்கள் கிண்ணம் வைத்தவர்களே.

இனி, மளிகைக் கடைப் பெரியவரின் இரண்டாம் கேள்வி: “கணக்குக் காட்டுவீங்களா?”

அமெரிக்க வரிச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வரிவிலக்குப் பெற்ற மற்ற அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு அறிக்கை தந்தாக வேண்டும். வழிபாட்டுச் சபைகளோ அந்த அறிக்கையைத் தரவேண்டியதில்லை. அந்நாட்டில் மக்கள் நற்பணிக்கென வழங்கும் பணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மத அமைப்புகளுக்குப் போகிறது. கடவுள் பெயரைச் சொன்னால் கணக்குத் தேவையில்லை. மனிதன் பெயரைச் சொன்னால் காலணாவுக்கும் கணக்கு!

இதைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டுமா? வேண்டாம். இதுதான் நம் பெருமை. நம்பிக்கை என்பது நம் நாணயம் அன்று. சான்றுதான் நம் நாணயம். ‘நம்பு’ என்று சொல்வது அவர்கள் வழி. ‘எண்ணிப் பார்’ என்று சொல்வது நம் வழி. அப்படியிருக்க, டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாம் 2018-இல் என்ன செய்தோம்? திரண்ட பணத்தை நேர்மையாகத்தான் அனுப்பினோம். ஆனால் அந்தப் பெரியவர் கடைக்குத் திரும்பிப் போய், “ஐயா, இவ்வளவு சேர்ந்தது, இதை இப்படிச் செலவிட்டார்கள், இதோ ரசீது” என்று காட்டவில்லை. அவருடைய ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு, அவரை நம்பிக்கையாளராகவே விட்டுவிட்டு வந்தோம்! கணக்கைக் காட்டியிருந்தால், பகுத்தறிவு என்றால் என்ன என்பதை ஒரு மேடையும் இல்லாமல் அவருக்கு விளக்கியிருப்போம். அந்தத் தவறு நம்முடையது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று; முதன்மையானதும் இதுவே. கொடை என்பது வழி. அதுவே ஊராகிவிடக் கூடாது. பிச்சையெடுத்து வாழ வேண்டிய நிலையைக் கண்டு படைத்தவனையே சபித்த வள்ளுவரின் வழி வந்தவர்கள் நாம். ‘தருமம்’ என்ற சொல்லை வைதீகம் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கொடுப்பவன் எப்போதும் மேலே, வாங்குபவன் எப்போதும் கீழே என்ற ஏணியை அது அப்படியே வைத்திருக்கிறது. அந்த ஏணியையே உடைப்பது நம் வேலை.

உடைத்துக் காட்டிய வரலாறு நம்மிடம் இருக்கிறது. 1920-இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைமையில் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரப்பட்டது. 1956-இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. அதை நடத்திக் காட்டிய பொதுக்கல்வி இயக்குநர் யார்? நெ. து. சுந்தரவடிவேலு, சுயமரியாதைக் கொள்கையில் ஊன்றி நின்றவர். தொடக்கத்தில் அந்தத் திட்டம் எதனால் நடந்தது? ஊர் மக்கள் தந்த அரிசியால், பருப்பால், காசால்! 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, ஊர் ஊராக மக்களிடம் கேட்டுக் கேட்டு, பள்ளிகளுக்குக் கட்டடமும் நாற்காலியும் கரும்பலகையும் பிள்ளைகளுக்குச் சீருடையும் திரட்டினார் அவர். மக்கள் அள்ளித் தந்தார்கள். எந்தச் சாமிக்கும் இல்லை, பிள்ளைகளுக்கு!

அது அங்கேயே நின்றதா? மக்கள் கொடையாகத் தொடங்கியதில் அரசின் பங்கு சேர்ந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்று யார் தயவாலும் சாப்பிடவில்லை. யாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் தட்டை ஏந்தவில்லை. அது அவன் உரிமை. உண்டியலில் பிறந்து உரிமையில் முடிந்த வரலாறு அது. நிதி திரட்டும் ஒவ்வொரு பகுத்தறிவு மாணவனும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய இலக்கும் இதுவே: இந்த உண்டியல் தேவைப்படாத நாளை நோக்கி இந்த உண்டியலை ஏந்துகிறேன்.

எனவே மாணவத் தோழர்களே, உண்டியலை ஏந்துங்கள்! வெள்ளம் வந்த பிறகு மட்டும் அல்ல, மாதந்தோறும் ஏந்துங்கள். ஒருவனை ஒருவன், “நாளை வருகிறாயா?” என்று கேளுங்கள். கொடுக்க வருகிறவன் நெற்றியில் நீறு இருக்கிறதா, நாமம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். வாங்குகிறவன் கழுத்தில் சிலுவை தொங்குகிறதா, தாயத்துத் தொங்குகிறதா என்றும் பார்க்காதீர்கள். கதவைச் சாத்தினால் எதிர்ப்பக்கம் நின்று கொடுங்கள். நல்லவன் என்று பெயர் எடுக்கக் கொடுக்காதீர்கள். காலணாவானாலும் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தக் கணக்குத் தாளின் கடைசி வரியில், இந்தத் துயர் மீண்டும் வராதிருக்க அரசு செய்ய வேண்டியது என்ன என்பதையும் எழுதிக் கேளுங்கள்.

அந்த மளிகைக் கடை இன்னும் இருக்கிறது. அடுத்த முறை டப்பாவோடு போகும்போது பெரியவர் மீண்டும் கேட்பார்: “எந்தச் சாமிக்குத் தம்பி இந்த உண்டியல்?”

“பசிக்கிறவங்களுக்கு ஐயா. போன முறைக் கணக்கு இதோ, முதலில் இதைப் பாருங்க” என்போம்.